அலுமாரியும் யன்னலும்



குளிர் தொடங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களின் குணமே மாறிவிடும். கோடை முழுக்கத் தக்காளிக் கன்றையும் மிளகாய்க் கன்றையும் பற்றிக் கேட்டவர்கள், நவம்பர் பிறந்ததும் தையல் மெஷினைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டு, குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றிக் கேட்கிறார்கள்: "குவில்ட் தைக்க ஆசையாக் கிடக்கு. துணியும் இருக்கு. என்ன டிசைன் போடுறது?" சிலர் பின்ட்ரெஸ்டில் சேர்த்து வைத்த படங்களை அனுப்பி, எது நல்லதென்று தெரிவு செய்து தரச் சொல்கிறார்கள். அத்தனை படம் பார்த்தும் முடிவெடுக்க முடியாதவருக்கு நான் இன்னொன்றைக் காட்டி என்ன ஆகப்போகிறது? இந்த மாதம் கைபேசியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வீட்டு அலுமாரியையும் யன்னலையும் திறந்து பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன முறைப்பாடு. தமிழ் மணக்க ஒரு குவில்ட் தைக்கிறேன் என்று புறப்படுகிறவர்களில் பலர் நேரே மயிலிடம் போகிறார்கள். மயில் இல்லாவிட்டால் தாமரை, தாமரை இல்லாவிட்டால் யானை. மயிலோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் மிசிசாகாவில் இருந்துகொண்டு கடைசியாக எப்போது மயில் பார்த்தீர்கள்? கல்யாணக் கார்டில் பார்த்திருப்பீர்கள். கார்டைப் பார்த்துத் தைத்தது கார்டு மாதிரித்தான் வரும்.

போர்ட் கிரெடிட் ஏரிக்கரைப் பக்கம் காரில் போகிறவர்களுக்குக் கனடா வாத்துகளை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவை குடும்பத்தோடு வீதியைக் கடந்து முடிப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம். வட அமெரிக்கக் குவில்ட்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் 'ஃப்ளையிங் கீஸ்' கட்டத்துக்குப் பெயர் தந்தவை பறக்கும் வாத்துகள்தான். நடுவில் ஒரு பெரிய முக்கோணம், அதன் இரண்டு தோளிலும் இரண்டு சின்ன முக்கோணம். ஆறரை அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். மூன்றரை அங்குலச் சதுரம் ஒன்றை அதன் ஒரு முனையில் வைத்து மூலைக்கு மூலை தைத்து, வெளிப்பக்க மிச்சத்தை வெட்டி, மடித்து அயர்ன் பண்ணுங்கள். மற்ற முனையிலும் அதே. ஒரு வாத்து வந்துவிடும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் தெற்கே போகிற கூட்டம். எங்கள் ஏரிக்கரை வாத்துகளில் பல தெற்கே போவதே இல்லை. பனிக்காலம் முழுக்க இங்கேயே நின்று புல்லைக் கிளறுகின்றன. ஆகவே கூட்டத்தில் ஒன்றை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பித் தையுங்கள். அதுதான் மிசிசாகா வாத்து.

பேர்ன்ஹாம்தோர்ப் வீதியும் ஹுரொன்டாரியோ வீதியும் சந்திக்கிற இடத்தில் நிற்கும் இரட்டைக் கோபுரங்களைக் காணாமல் இந்த ஊரில் யாரும் ஒரு கிழமையைக் கடத்த முடியாது. ஒன்று 56 மாடி, மற்றது 50. சீனக் கட்டடக் கலைஞர் மா யான்சாங்கின் நிறுவனம் வடிவமைத்து 2012இல் கட்டி முடிந்தவை. மாடிக்கு மாடி சில பாகை திரும்பிக்கொண்டே போவதால் முழுக்கட்டடமும் இடுப்பை வளைத்து நிற்கிறது. ஊரார் மர்லின் மன்றோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதைத் துணியில் கொண்டுவர ஒரு வளைவுகூட வெட்ட வேண்டாம். ஒன்றரை அங்குல அகலத்தில் சாம்பல் நிறப் பட்டிகள் வெட்டுங்கள், எல்லாம் ஒரே நீளம். ஒவ்வொரு பட்டியின் இரு முனையிலும் வானத்து நிறத்தில் ஒரு துண்டு சேருங்கள். முதல் பட்டியில் இடப்பக்க வானம் நான்கு அங்குலம், வலப்பக்கம் ஆறு என்றால், அடுத்ததில் இடது நாலரை, வலது ஐந்தரை. இப்படி அரை அரை அங்குலமாகத் தள்ளிக்கொண்டு போய், போதும் என்று தோன்றும் இடத்தில் திரும்பி வாருங்கள். இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போக, ஒவ்வொரு பட்டியும் ஒரு அங்குல மாடியாக நிற்கும். முடித்ததும் சுவரில் குத்திவிட்டு அறையின் மற்ற அந்தத்துக்குப் போய்ப் பாருங்கள். நேர்த்தையல்தான் போட்டீர்கள், ஆனால் கோபுரம் வளைந்திருக்கும்.

இந்த இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். கண்டதில் ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம். வாத்துக்குக் கண் இல்லை, கோபுரத்துக்கு பல்கனி இல்லை. இதில் கெட்டிக்காரர்கள் 'லாக் கேபின்' தைத்த பெண்கள். 1860களில் வட அமெரிக்காவில் பரவலான கட்டம் அது. நடுவில் ஒரு சதுரம், வழக்கமாகச் சிவப்பு. அது அடுப்புத் தணல். அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டிகள். அவை வீடு கட்டிய மரக்குற்றிகள். ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி கறுப்புச் சாயல். கதவு, கூரை, புகைபோக்கி எதுவும் கிடையாது, ஆனாலும் வீடு இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தச் சிவப்புச் சதுரம் எதுவென்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் ரைஸ் குக்கரின் சிவப்பு லைட். சிரிக்காதீர்கள், அதை நடுவில் வைத்து ஒரு கட்டம் தைத்துத்தான் எழுதுகிறேன்.

இனி அலுமாரி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கறுப்பின மக்களின் கிராமம் இருக்கிறது. அங்குள்ள பெண்கள் வீட்டுக் குளிருக்காகத் தைத்த குவில்ட்கள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயோர்க் விட்னியிலும் தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையாகவும் வந்தன. கடையில் வாங்கிய துணி அவர்களிடம் அதிகம் இருக்கவில்லை. வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த டெனிம், மாவு மூட்டைத் துணி, பழைய சட்டை, இவைதான். மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்க் குவில்ட்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது காற்சட்டையில் பொக்கற் இருந்த இடத்தை. பொக்கற்றைப் பிரித்து எடுத்ததும் வெயில் படாத அந்த இடம் கடும் நீலமாக நிற்கும். சுற்றிவர வெளுத்த நீலம். அந்தச் சதுரத்தை யாரும் வரையவில்லை. தைத்தவர் அதைக் கண்டு, இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுரோய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை அங்கே வந்தது. மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போக, அடுத்த காலக் குவில்ட்களின் நிறமும் தடிப்புமே மாறிப்போயின.

எங்கள் அலுமாரிகளில் என்ன கிடக்கிறது? அப்பாவின் சாரம். மடித்துச் செருகும் இடத்தில் கட்டங்கள் வெளுத்து, கரைப்பக்கம் மட்டும் புதுசாகவே இருக்கும். அந்த வெளுப்பையும் புதுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே டிசைன் பாதி முடிந்தது. அம்மாவின் ஹவுஸ்கோட், பூப்போட்டது, கையடியில் கிழிந்தது. நூல்சீலை, வொயில் சீலை. கூறைச்சீலையை வெட்டச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். பட்டு வழுக்கும், தைக்கத்தான் வேண்டுமென்றால் அயர்ன் சூட்டில் ஒட்டும் மெல்லிய உட்துணியைப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நைலெக்ஸ் சீலைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அயர்ன் பட்டால் சுருங்கிவிடும்.

சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழசு பரவாயில்லை, புதுசு சாயம் கழரும். இதே மாதிரிக் கட்டத்துணி 1960களில் மெட்ராசிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடியபோது, வியாபாரிகள் அதையே பெருமையாக்கி 'பிளீடிங் மெட்ராஸ்' என்று விளம்பரம் செய்து விற்றார்கள். உங்கள் வெள்ளைத் துண்டு ரோஸ் நிறமானால் அப்படிச் சொல்லிச் சமாளிக்க முடியாது. வெட்டும் முன் தனியாகத் துவையுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள்.

பழஞ்சீலைக்கு எங்களிடம் மரியாதை எப்போதும் உண்டு. பிறந்த பிள்ளையைக் கிடத்தவும் ஏணை கட்டவும் துவைத்துத் துவைத்து மெதுமையான சீலைதானே தேடுவோம்? வங்காளத்தில் அந்த மெதுமையையே ஒரு கலையாக்கிக் காந்தா என்றார்கள். பழைய சீலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, சீலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே நூலோடித் தைப்பது. பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த அதே நூலோட்டம்தான். அதற்குள் அவர்கள் கொண்டுவந்தவை மீன், பல்லக்கு, படகு, கத்தரிக்கோல், சீப்பு. சீப்பைத் தைக்கத் தோன்றிய அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அளவெடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு என் பரிந்துரை காந்தா இல்லை, கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் விரித்த சீலையின் ஓரத்தில் தொடங்கி, கையில் அகப்பட்ட துண்டை மடித்து வைத்து நூலோடி, அடுத்த துண்டை அதன் மேல் சாய்த்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். பென்சில், ரூலர், வரைபடம் ஒன்றும் கிடையாது. கடைசியில் நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துண்டுகளை வைப்பார்கள். அவற்றைப் பூக்கள் என்கிறார்கள். அந்தப் பூ வைக்காத போர்வை உடுத்தாத உடம்பு மாதிரியாம். உங்கள் முதல் குவில்டை இப்படித் தைத்தால் யாராலும் பிழை பிடிக்க முடியாது.

மேல்துணி முடிந்து, பஞ்சு வைத்து, பின்துணி விரித்தபின் மூன்றையும் சேர்த்து என்ன தையல் போடுவது என்பது அடுத்த தலையிடி. கடையில் இலை, இறகு என்று அச்சுத் தகடுகள் விற்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகிகள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். மெஷினில் தைக்கும்போது நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாகப் போவதுதான் வசதி. புள்ளி வைத்து வளைத்துப் போடும் நெளிக்கோலங்களில் பலவற்றின் சங்கதியும் அதுவே. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் இந்தக் கோலங்களை வைத்துக் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளே எழுதினார்கள். கை பழக, மெஷினில் நூல் கோக்காமல் தாளில் ஓட்டிப் பாருங்கள். துளைகள் கோலமாக விழும்வரை துணிக்கு அவசரப்படாதீர்கள்.

கோடையில் தேர் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாமியைக் கும்பிட்டு முடித்துத் தேரில் தொங்கும் தொம்பையையும் ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வெட்டு ஒட்டு வேலை: சிவப்பின் மேல் வெள்ளை, மஞ்சள், பச்சை, ஓரம் முழுக்க முக்கோணப் பல். தூரத்தில் நிற்கிற கூட்டத்துக்கும் தெரியவேண்டும் என்பதால் அங்கே மெல்லிய நிறத்துக்கு இடமில்லை. சின்ன மேசைவிரிப்புக்கு அந்த ஓரம் ஒன்றே போதும்.

ரொறன்ரோ டவுன்ரவுனில் வேலை செய்கிறவர்கள் ஸ்படைனா சுரங்க ரயில் நிலையத்தில் கெண்டல் வாசல் பக்கம் போய் வாருங்கள். அங்கே ஜோய்ஸ் வீலண்ட் 1978இல் துணியில் செய்த கரிபூ மான்கூட்டம் நிற்கிறது. ரொறன்ரோவில் பிறந்த இந்தக் கலைஞர், போர்வை என்று மற்றவர்கள் ஒதுக்கிய பொருளைக் கனடாவின் தேசியக் கலைக்கூடம் வரை 1971இல் கொண்டுபோனவர். பிரதமர் பியர் ட்ரூடோவின் கொள்கை வாசகமான 'உணர்ச்சிக்கு முன் பகுத்தறிவு' என்பதைப் பெரிய எழுத்துகளில் வைத்து 1968இல் குவில்ட் தைத்தார். அது பிரதமர் வீட்டில் தொங்கியது. ஒருநாள் கோபத்தில் மனைவி மார்கரெட் அந்த எழுத்துகளைப் பிய்த்து மாடிப்படியிலிருந்து கணவர் மேல் எறிந்தாராம். பரிசாகக் கொடுக்கும் குவில்டில் எழுத்துத் தைக்கிறவர்கள் நூலைக் கொஞ்சம் இறுக்கிப் போடுவது நல்லது.

தனியாகத் தைக்க அலுப்பாக இருக்கும் குழுக்கள் எஸ்தர் பிரையனின் கதையைத் தேடிப் படியுங்கள். ஒன்ராறியோவின் வில்லியம்ஸ்டவுனைச் சேர்ந்த இந்த ஓவியர் 1998இல் தொடங்கிய 'குவில்ட் ஆஃப் பிலோங்கிங்' 2005இல் முடிந்தது. 36 மீற்றர் நீளம், 263 கட்டங்கள். கனடாவின் முதற்குடிகளுக்கும் உலகின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உண்டு. நாங்கள் 263 வரை போகவேண்டியதில்லை. உங்கள் கட்டடத்தில் ஒரே மாடியில் குடியிருக்கும் வீடுகளிடம் ஆளுக்கொரு பழைய துணி கேட்டுப் பாருங்கள். கேட்கப் போன இடத்தில் குறைந்தது இரண்டு வீட்டில் சாப்பாடு தருவார்கள்.

வருகிற இதழில் வாசகர்களின் கட்டங்களுக்கு நடுப்பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். பன்னிரண்டு அங்குலச் சதுரம், ஒன்றே ஒன்று. அதில் இருப்பதை எங்கே கண்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்: பஸ் தரிப்பிடமோ, பேஸ்மென்ட் படியோ, பல்கனியில் காயும் மோர்மிளகாயோ. மயில் அனுப்புகிறவர்கள் அதை எந்த வீதியில் பார்த்தார்கள் என்ற விபரத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும். படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் எடுங்கள், மறக்காமல் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று பார்க்க எங்கள் தையல் பக்க அக்கா காத்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்