தாய்ப்பாலின் மீது ஒரு பழி

பாலூட்டி ஓய்ந்த தாயொருத்தி தன் மார்பைச் சத்திரசிகிச்சையாற் பெருப்பிக்க விரும்பின், அவ்வுரிமை அவளுடையதே. அவளை ஏசும் ஒழுக்கக் காவலரோடு எமக்கு உடன்பாடில்லை. ஆயின், 'பாலூட்டியதனாலேயே அழகு கெட்டது' என்று கூறி அவளை அழைக்கும் வணிகத்தை எதிர்த்தேயாக வேண்டும்.

அக்கூற்றுக்கு ஆதாரமில்லை. இத்தகைய சிகிச்சையை நாடிய தாய்மாரையே ஆராய்ந்து, 2008இல் வெளியான கென்ரக்கிப் பல்கலைக்கழக ஆய்வு, வயது, கருவுற்ற தடவைகள், புகைத்தல் முதலியவற்றையே மார்புத் தளர்வின் காரணிகளாகக் கண்டது. பாலூட்டல் அவற்றுள் ஒன்றன்று.

தேவை எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. 1962இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் முதன்முதலாகச் சிலிக்கன் பை பொருத்தப்பட்டவர் ஆறு பிள்ளைகளின் தாய். மார்பிற் குத்திய பச்சையை நீக்கவே அவர் சென்றார். பையை முன்மொழிந்தவர்கள் வைத்தியர்களே! 1982இல் அந்நாட்டுப் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையாளர் சங்கம், சிறு மார்பு நோயே என அரசுக்கு எழுதிற்று. இயல்பு நோயாயிற்று, நோய் சந்தையாயிற்று.

அப்பைகள் ஆயுள் முழுதும் நிலைப்பனவல்ல. இவ்வெச்சரிக்கை அந்நாட்டிற் கட்டாயமாக்கப்பட்டதோ 2021இலேயே.

பொய்யின் மீது எழுப்பப்படும் தெரிவு சுதந்திரமான தெரிவாகுமா? அப்பொய்யை நம்பிப் பாலூட்ட அஞ்சும் இளந்தாய்க்கும், பாலிழக்கும் மகவுக்கும் யார் பொறுப்பு? மருத்துவம் பயிலும் எம் மாணவர் கத்தியைக் கையிலெடுக்குமுன் இவ்வினாவுக்கு விடை கூறட்டும். தாய் தெரிவு செய்யட்டும். உண்மையை அறிந்து தெரிவு செய்யட்டும்.