வருகை விதியும் வாயிற் கதவும்

மனையென ஒன்று இருப்பின் அதற்கு வாயில் வேண்டும். வாயிலுக்குக் கதவு வேண்டும். கதவு, வருவோரை வரவேற்கத் திறப்பதற்கும் உரியது. வரத்தகாததைத் தடுக்க மூடுவதற்கும் உரியது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கின்றார். இரண்டும் மனையைக் காப்பனவே. வீட்டுக்குப் பொருந்துவது நாட்டுக்கும் பொருந்தும். ஆதலின், கொள்ளைநோய்க் காலத்தில் ஓர் அரசு தன் எல்லையில் வருவோரைச் சோதிப்பதும் சின்னாள் நிறுத்திவைப்பதும் தவறென்று நாம் கூற வரவில்லை. அவ்விதிகள் எத்தகையனவாய் இருத்தல் வேண்டும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவர் பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். அவரை ஈன்றோர் பலர் இங்கே முற்றத்தை நோக்கியவாறு இருக்கின்றனர். இரு சாரார்க்கும் உரிய பொருள் இது.

நோயைத் துறைமுகத்திலே தடுக்கும் வழக்கம் நேற்று வந்ததன்று. அதிரியாத்திக் கடற்கரையிலுள்ள இரகுசா நகரம், பிளேக் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாள் ஊருக்கு வெளியே நிறுத்துமாறு 1377ஆம் ஆண்டிலேயே விதி செய்தது. பின்னர் முப்பது நாற்பதாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரன்ரைன்’ என்னும் பெயர் பிறந்தது. 1896இல் பம்பாயிலே பிளேக் தோன்றியதும், மறு ஆண்டிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் தொற்றுநோய்ச் சட்டங்கள் எழுந்தன. அவ்வாறு எழுந்த, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டமே, 123 ஆண்டுகள் கழித்துக் கொவிட் வந்தபோதும் எமது அரசு கையிலெடுத்த கருவியாகும்.

அச்சட்டம் பிறந்த காலத்தின் இயல்பை அறிய விரும்புவோர் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள மண்டபத்தை நோக்குக. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிற்று. தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. ஆங்கே அவரைக் குளிக்கச்செய்து, உடைகளைத் தூய்மையாக்கி, அம்மைப்பால் குத்தி, கொழுக்கிப்புழுவுக்கு மருந்தூட்டிச் சில நாள் வைத்திருந்த பின்னரே கப்பலேற்றினர். இதனால் நன்மை விளையவில்லை என்று யாரும் கூறார். அதற்கு முந்திய காலத்தில், மன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாகச் சென்ற வடபாதையிலே வாந்திபேதிக்கும் அம்மைக்கும் இரையானோர் எத்துணையோ பேர்.

ஆயினும் அவ்விதியில் ஒரு கறை உண்டு. முகாமில் அடைபட்டிருந்தவர் பெரும்பாலும் கூலியாளே. உயர்வகுப்புச் சீட்டோடு வந்தவர் அல்லர். நோய்க்கிருமி பயணச்சீட்டைப் பார்த்து ஏறுவதில்லை; விதியோ அதனைப் பார்த்தே ஆளைப் பிரித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் அம்மண்டபம் வழியாகவே சென்றனர். போர்க்காலத்தில் எம்மவர் அகதிகளாய்ச் சென்று இறங்கியதும் அங்கேதான். வறியோர்க்கென்று கட்டிய வாயில், மூன்று தலைமுறையாக வறியோரையே கண்டது.

இனி அண்மைக்காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 10ஆந் திகதி தொடக்கம் இத்தாலி, ஈரான், தென்கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் புணானையிலும் கந்தக்காட்டிலும் தங்கவைக்கப்பட்டனர். மார்ச் 19இல் வருகை விமானங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. முந்திய ஒக்ரோபரிற்றான் திறக்கப்பட்ட பலாலி விமான நிலையமும் மூடிற்று. சென்னை விமானம் மீண்டும் அங்கு வந்திறங்க 2022 டிசம்பர் 12 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளிலே நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். கொள்ளி வைக்க வேண்டிய மகன் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்தான். கீரிமலையில் நடந்த அந்தியேட்டியைத் தொலைபேசித் திரையிலே கண்டு கண்ணீர் வடித்தான். அது தவிர்க்கவொண்ணாத துன்பம் என்று பொறுத்துக்கொண்டோம், பொறுத்தது சரியே.

பொறுக்கவொண்ணாதது வேறொன்று. 2020 டிசம்பர் 28இல் உக்ரேன் நாட்டு உல்லாசப் பயணிகள் மத்தளையில் வந்திறங்கினர். சோதனைக்கு உட்பட்டு, பிறரோடு கலவாது, குழுவாக நாட்டைச் சுற்றிப்பார்த்தனர். அதே வேளையில், மத்திய கிழக்கிலே வேலையிழந்த எம் நாட்டவர் பலர் தாயகம் திரும்பும் அனுமதிக்காகக் காத்துக்கிடந்தனர். அந்நியச் செலாவணி வேண்டும் என்றனர். படுக்கைகள் போதா என்றனர். இரண்டும் மெய்யே. ஆயினும் அச்செலாவணியை ஆண்டுதோறும் அனுப்பிவந்தவர் அவ்வேலையாட்கள் அல்லரோ? கதவைச் சிறிதே திறக்கக்கூடுமாயின், முதலில் உள்ளே வரவேண்டியவன் வீட்டுப்பிள்ளை.

பிற நாடுகளும் இக்குற்றத்துக்குப் புறம்பல்ல. பிரித்தானியா 2021 ஜூன் 8இல் இலங்கையைச் சிவப்புப் பட்டியலிற் சேர்த்து, செப்தெம்பர் 22இலே நீக்கியது. அந்நாட்களில் தாயைப் பார்க்க இங்கு வந்து மீண்ட இலண்டன்வாசி, பத்து நாள் விடுதித் தங்கலுக்கு 1,750 பவுண் செலுத்த வேண்டியிருந்தது. ஓகஸ்ட் நடுவில் அத்தொகை 2,285 ஆயிற்று. செல்வர்க்கு அது செலவு. கடையிற் கூலிக்கு நிற்பவர்க்கோ அது மூடிய கதவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் 40ஆம் உறுப்புரை, குடியிருக்க வருவோர் ஒழிந்த ஏனைய பயணிகளிடம் தனிமைப்படுத்தலுக்காகக் கட்டணம் அறவிடலாகாது என்கின்றது. ஊரைக் காக்கும் பொருட்டு ஒருவனை நிறுத்திவைத்தால் அச்செலவு ஊரைச் சாரும் என்பதே அதன் நியாயம்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, விதி நோயை நோக்குதல் வேண்டும். பணப்பையை நோக்குதல் ஆகாது. மஞ்சட் காய்ச்சலுக்குரிய விதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்நோயுள்ள நாட்டிலிருந்து வருவோர் யாவராயினும் தடுப்பூசிச் சான்றிதழ் காட்டல் வேண்டும். அமைச்சர்க்கும் அது வேண்டும், மாலுமிக்கும் அது வேண்டும்.

இரண்டாவது, விதி எமக்கு விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழாசிரியராகிய எமக்கு இதிற் சற்று உரிமையுண்டு. நோயுற்றவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோய் தொற்றியிருக்கலாம் என்று ஐயுறப்படுபவரை நிறுத்திவைத்துப் பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ‘தனிமைப்படுத்தல்’ என்னும் ஒரே சொல்லால் வழங்கினோம். அதன் பயனாக, வெளியூரிலிருந்து வந்து நலமாயிருந்தவரையும் அயலார் நோயாளராகவே எண்ணி ஒதுக்கினர். முன்னதை ‘நோயாளர் ஒதுக்கல்’ என்றும், பின்னதை ‘காத்திருப்புக் கண்காணிப்பு’ என்றும் வழங்கலாம். இவற்றினும் நல்ல சொற்களை அறிஞர் ஆக்கித்தரின் மகிழ்வோம். சொல் தெளிந்தால் அச்சம் பாதி நீங்கும்.

மூன்றாவது, ஒவ்வொரு விதிக்கும் முடிவுநாள் குறித்தல் வேண்டும். இலங்கை தன் கொவிட் வருகைக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவற்றை 2022 டிசம்பரில் நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதென அறிவித்தது. கட்டுப்பாடுகள் நீங்கின, ஆனால் இனியொரு நோய் வரும்போது, முன்பு பட்டதைக் கொண்டு முறையாகச் செயற்படுதற்கு நாம் எழுதிவைத்தது என்ன? பிரித்தானியர் ஆட்சியிற் பிறந்த சட்டத்தைத் திருத்தி, பயணியின் உரிமையையும் அதில் எழுதுதற்கு உரிய காலம் நோயில்லாத காலமே. வெள்ளம் வருமுன் அணைகோலுதல் அறிவுடைமை.

எம் பழைய மாணவருள் வைத்தியரும் வழக்கறிஞரும் அரச உத்தியோகத்தரும் பலர். அவர் தம் கல்வியை இத்துறையிற் செலுத்துவாராயின், அடுத்த கொள்ளைநோயின்போது கதவு அறிந்து மூடும், அறிந்து திறக்கும். தாய்க்குக் கொள்ளி வைக்க வரும் மகன், தன் பணப்பையின் கனத்தால் அளக்கப்படாது உள்ளே வரும் நாள் வருவதாக.