பழைய மாளிகைகளின் புதுப் பணி

கண்டியில் துனுவில வலவ்வ என்ற பழைய மாளிகை மாநகர சபைப் பணிமனையானது. எஹலேபொல வலவ்வ சிறையாகவும் இருந்து, பின்னர் மெழுகுச்சிலைக் காட்சியகமாயிற்று. 1814இல் எஹலேபொல குமாரிஹாமியும் பிள்ளைகளும் அரச ஆணையால் கொல்லப்பட்ட துயரத்தை அக்குடும்பத்தின் மாளிகையிலேயே சொல்வது பொருத்தமானது. பூட்டிக் கிடக்கும் வீடு பாழாகும். ஆள் புழங்கினால் நிலைக்கும்.

ஆனால் முற்றத்துக்குத் தகரக் கூரை, விறாந்தைக்குப் பலகைத் தடுப்பு, சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு என்று தொடங்கிவிடக் கூடாது. சீமெந்து ஈரத்தை உள்ளேயே அடைக்கும். சுவர் உப்புப் பூத்து உதிரும்.

பணிமனைக்கு இடம் போதாதென்றால் நகருக்கு வெளியே பல்லேகல இருக்கிறது. கண்டியின் போகம்பறைச் சிறையே 2014இல் அங்கே போனது. கோப்பு அறைகளை அங்கே கட்டட்டும். 1988 முதல் உலக மரபுரிமை நகரான கண்டியில், இத்தகைய மாளிகைகளில் கைவைக்குமுன் தொல்லியல் திணைக்களத்தைக் கேட்டே ஆகவேண்டும்.