பகல் தூக்கம் சோம்பல் அல்ல!

பகலில் ஒருவர் தூங்கி வழிந்தால் "சோம்பேறி" என்று ஊர் சொல்லும். அவருக்கு வலிப்பு நோயும் இருந்து விட்டால் கேட்கவே வேண்டாம். "நோயைச் சாக்கு வைத்து வேலைக்குக் கள்ளம் செய்கிறான்" என்று வீட்டாரே ஏசுவார்கள்.

இது பெரிய தவறு. அந்தத் தூக்கத்துக்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்தால் பரிகாரமும் உண்டு.

தூக்கமும் வலிப்பும்

மூளையில் ஓடும் மின்சாரம் திடீர் என்று தாறுமாறாகப் பாய்வதால் வருவதுதான் வலிப்பு. உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

மனித மூளையின் மின் அலைகளை 1924-ம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்தவர், ஜெர்மனி நாட்டு டாக்டர் ஹான்ஸ் பெர்கர். இன்று அந்தப் பரிசோதனைக்கு "இ.இ.ஜி." என்று பெயர்.

இந்தப் பரிசோதனைக்கு வரும் சிலரிடம், "முதல் நாள் இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் சொல்வது உண்டு. ஏன் தெரியுமா? தூக்கம் கெட்டால், மறைந்து கிடக்கும் கோளாறு வெளியே தெரியும்!

ஒரு நாள் கண் விழிப்பே இப்படி என்றால், தினமும் கண் விழித்தால் என்ன ஆகும்? தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தூக்கம் கெடும். செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வரும் தொல்லை இது.

காரணங்கள் என்ன?

சிலருக்கு இரவில், தூக்கத்திலேயே வலிப்பு வந்து போய்விடும். அவருக்கே தெரியாது. காலையில் நாக்கில் கடிபட்ட காயம் இருக்கும். உடம்பு வலிக்கும். படுக்கை நனைந்திருக்கும். பகல் எல்லாம் தூக்கம் வரும்.

மாத்திரையும் ஒரு காரணம். 1912-ம் ஆண்டு முதல் வழக்கத்தில் இருக்கும் பினோபார்பிட்டோன், தூக்கத்தையும் கொடுக்கும். வேறு சில வலிப்பு மாத்திரைகளும் அப்படித்தான்.

மூன்றாவது காரணம் குறட்டை. பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு அடைத்து அடைத்து நின்றால், எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியது ஆகாது. இதற்குச் சிகிச்சை செய்தால், சிலருக்கு வலிப்பும் குறைகிறது.

எட்டுக் கேள்விகள்

பகல் தூக்கத்தை அளக்க முடியும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் அதற்கு ஒரு வழி சொன்னார். படிக்கும்போது தூக்கம் வருமா? டெலிவிஷன் பார்க்கும்போது வருமா? பேசிக் கொண்டிருக்கும்போதே வருமா? இப்படி 8 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 3 மார்க் வரை உண்டு. மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

இதற்கு மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். "எத்தனை முறை வலிப்பு வந்தது?" என்று கேட்கும் டாக்டர்கள், "எப்படித் தூங்குகிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். அவர் கேட்க மறந்தால், நோயாளியே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

ஏச்சுக்குப் பயந்து, "இந்த மாத்திரையால்தானே தூக்கம்?" என்று தாமாகவே நிறுத்தி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்து! வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரலாம். உயிருக்கே மோசம் வரலாம். அளவையோ, நேரத்தையோ, மருந்தையோ மாற்ற வேண்டியவர் டாக்டர்.

வீட்டார் கடமை

தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். நள்ளிரவு வரை செல்போன் பார்க்கக் கூடாது. "இரவு ஷிப்டு வேண்டாம்" என்று தொழிலாளி கேட்டால், முதலாளி அதைச் சலுகையாக நினைக்கக் கூடாது. அதுவும் வைத்தியம்தான்.

வலிப்பு வந்து போனதும் நோயாளி அசந்து தூங்குவார். ஒருபக்கமாகப் படுக்க வைத்து, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உலுக்கி எழுப்பி வேலைக்கு விரட்டக் கூடாது.

வலிப்பு நோயுடன் படித்து, உழைத்து, குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு மாத்திரை எவ்வளவு அவசியமோ, நல்ல தூக்கமும் அவ்வளவு அவசியம். மாத்திரையை டாக்டர் கொடுப்பார். நிம்மதியான இரவை வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.