மதிலுக்கு வெளியேயும் பார்த்து வாங்குங்கள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. இந்தப் பழைய வீட்டை விற்றுவிட்டு, இதே நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலைப் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் கேட்டட் கம்யூனிட்டியில் ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்கிறார்கள் மகளும் மாப்பிள்ளையும். விலை ஒரு கோடியே இருபது லட்சம். என் வீட்டை விற்ற பணம் பாதி, வங்கிக் கடன் பாதி.

"மாமா, நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், ஜிம், இருபத்து நாலு மணி நேர செக்யூரிட்டி எல்லாம் இருக்கு. நீங்களும் அத்தையும் எங்களோடயே இருந்துடலாம்" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

குரோம்பேட்டைப் பக்கமும் ஒரு நெமிலிச்சேரி உண்டு. நான் சொல்வது பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் நெமிலிச்சேரி. 1989-ல் பி.எஃப். முன்பணமும் சொசைட்டி கடனும் வாங்கி இங்கே ஒரு கிரவுண்டு மனை வாங்கியபோது சுற்றிலும் வயல். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் என்று ஒவ்வொருவராக வந்து வீடு கட்டினோம். 2014-ல் வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலையைத் திறந்தார்கள். பிறகு அது மீஞ்சூர் வரை நீண்டு 62 கிலோமீட்டர் ஆயிற்று. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தது. கூடவே விளம்பரப் பலகைகளும் முளைத்தன.

இன்று ஒரே ஊருக்குள் நாலு ஊர் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய பழைய ஊர்த்தெரு, எங்களைப் போன்றவர்களின் 'நகர்'கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து இருக்கும் லைன் வீடுகள், கடைசியாக உயர்ந்த மதிலுக்குள் சொகுசு வீடுகள். ஒன்றில் இருப்பவருக்கு மற்றதைத் தெரியாது.

இது எனக்குப் புதிதல்ல. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ஊரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கும். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருக்கள், ஆளுயரத்துக்கு மேல் மதில், பெரிய இரும்புக் கதவு. மேற்கே எங்கள் தமிழ்த் தெருக்கள், தெருவைப் பார்த்த திண்ணையும் தாழ்வாரமும். மழை வந்தால் யார் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒதுங்கலாம். அந்த மதில்களை ஒட்டித்தான் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனேன். உள்ளே யார் இருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. பிரெஞ்சில் 'கார்த்தியே' என்று ஒரு சொல் உண்டு. வீடும் தெருவும் கடையும் மனிதர்களும் சேர்ந்தது அது. வீடு வாங்குகிறவன் உண்மையில் வாங்குவது அதைத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு நாள் கரண்ட் இல்லை. பால் கொண்டுவந்தவர் ஊர்த்தெருவில் மாடு வைத்திருப்பவர். என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கி வந்தது லைன் வீட்டில் இருக்கும் பிகார் பையன். இவர்களை எந்த பிரோஷரிலும் போடமாட்டார்கள்.

சொகுசு வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மனைவிக்கு மூட்டு வலி. எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி இரண்டு வருஷமாகிறது. அங்கே லிஃப்ட் உண்டு, ஜெனரேட்டர் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மகள் வேலையிலிருந்து திரும்பும்போது வாசலில் விளக்கும் ஆளும் இருக்கும். இதற்கெல்லாம் விலை உண்டுதான். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டாமா? 1,750 சதுர அடி என்று விற்கிறார்கள். கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டேன், 1,240. நிலத்தில் நமக்கு வரும் பிரிபடாத பாகம் 610 சதுர அடி. இதற்காக நான் விற்க வேண்டியது 2,400 சதுர அடி மனை. கட்டடத்துக்கு வயசாகும், மண்ணுக்கு ஆகாது. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 4 ரூபாய் வீதம் மாதம் 7,000. நீச்சல் குளத்தில் நான் கால்கூட நனைக்கப்போவதில்லை, ஆனாலும் கட்டித்தான் ஆகவேண்டும்.

திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தார். பிரோஷரில் பார்க்கும் வீடும் மனசில் கட்டும் வீடுதான். பூசலாருக்கு இ.எம்.ஐ. கிடையாது, நமக்கு உண்டு.

என்னைப் போல பென்ஷன் பணத்தையும் பழைய வீட்டையும் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்குச் சிலது சொல்வேன். ரெரா பதிவு எண்ணை வாங்கி இணையதளத்தில் சரிபாருங்கள். 2016-ம் வருஷச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பாண்டிச்சேரியில் என் அப்பா மனை வாங்கியபோது நொத்தேர் பத்திரம் முழுவதையும் இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். இங்கே யாரும் வாசித்துக் காட்டுவதில்லை, நாமேதான் படிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், மழைக்காலத்தில் ஒருநாள் அங்கே நடந்து பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், ஏரி நிறைந்தால் கலங்கல் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத கால்வாய் அவர் நினைவில் இருக்கும். குடிதண்ணீர் லாரியில் வருகிறதா, கழிவுநீர் எங்கே போகிறது, ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் தெருவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மளிகைக் கடையும் டாக்டரும் நடந்து போகும் தூரத்தில் உண்டா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மதிலுக்குள் இருப்பது லாபம். இல்லாவிட்டால் உள்ளே எத்தனை சொகுசு இருந்தும் கேட்டைத் தாண்டியதும் தீர்ந்துவிடும்.

மகளிடம் சொல்லிவிட்டேன். "நீங்க வாங்குங்கம்மா, என்னால முடிஞ்சதைத் தர்றேன். ஆனா இந்த வீட்டை இப்போ விக்க வேண்டாம். மழை முடியட்டும், நாலு பேருமா போய்ப் பார்ப்போம்." அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாப்பிள்ளை மட்டும், "கலங்கல்னா என்ன மாமா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.