எண் பலகையும் ஓட்டுநரும்

செம்பூரில் ஏறினால் சிக்னல் ஏதுமின்றித் தென்மும்பையில் கொண்டு சேர்க்கும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் கால் தானாகவே அழுத்திவிடும், கேமராவோ கண்ணிமைப்பதில்லை. வரம்பை மீறியவர் அபராதம் செலுத்தத்தான் வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. கெஞ்சலும் பேரமும் அதனிடம் செல்லாது என்பதும் நல்லதே.

நம் கவலை வேறு. கேமரா எண் பலகையைக் கொண்டே வாகனத்தை அறிகிறது. ஆகவே சலான் உரிமையாளர் பெயருக்கே செல்கிறது. தாராவியிலோ மாட்டுங்காவிலோ பிறருடைய டாக்ஸியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவரை எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் பதிவு செய்திருந்த கைபேசி எண் மாறிப்போயிருக்கும். மாதங்கள் கழிந்து, வண்டியை விற்கப் போகும் வேளையில் ஐந்தாறு சலான்கள் ஒன்றாக வெளிப்படும். அன்று ஓட்டியது யார்? இருவருக்குமே நினைவிராது. இலகுரக வாகனத்திற்குச் சட்டம் விதிக்கும் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. தினக் கூலியில் அது கழிக்கப்படும்போது வலிப்பது ஓட்டுநருக்கே. முதல் சலான் உரிய நேரத்தில் கைக்கு வந்திருந்தால் இரண்டாவதே விழுந்திராது. தாமதமாக வரும் அபராதம் கருவூலத்தை நிரப்பலாம். எவருடைய வேகத்தையும் குறைப்பதில்லை.

2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி இதை உணர்ந்தே எழுதப்பட்டது. குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். கேமரா உள்ள பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படவேண்டும். கருவிக்கான ஒப்புதல் சான்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். நம்மிடம் ஒரு கிலோமீட்டரைக்கூட விட்டுக்கொடுக்காத நிர்வாகம், தன் 15 நாள் கெடுவிலும் அதே கண்டிப்பைக் காட்டட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் பங்கும் உண்டு. வாகனப் பதிவில் இன்றைய கைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். மாதம் ஒருமுறை பரிவாகன் தளத்தில் நம் வண்டி எண்ணைச் சரிபார்ப்போம். சலானில் உள்ள படத்தில் இருப்பது நம் வண்டிதானா என்று பாராமல் பணம் கட்ட வேண்டாம். தவறெனில் மறுக்க வழியுண்டு. வண்டியை வாடகைக்கு விடுவோர், எந்த நாளில் யார் ஓட்டினார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். காவல் துறை கேட்டால் ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் தரவேண்டிய பொறுப்பு 133ஆம் பிரிவின்படி உரிமையாளருடையது.

இந்த அச்சத்தையே முதலாக்கிப் பிழைப்போரும் இருக்கிறார்கள். 'உங்கள் சலான்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறந்தால், அபராதத்தைவிடப் பன்மடங்கு தொகை கணக்கிலிருந்து போய்விடக்கூடும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி.இன்' என்றே முடியும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காத்திராமல், உடனே 1930 என்ற எண்ணையும் வங்கியையும் அழையுங்கள்.