48 வோல்ட் மைக்கைச் சென்று சேர்வதில்லை

"கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட். அதற்குக் குறைந்தால் ஓடாது, ஓடினாலும் உருப்படியாக ஓடாது." பதினைந்து ஆண்டுகளாக இதைக் கேட்டுவருகிறேன். கடைக்காரர் சொல்கிறார், மைக் செட்காரர் சொல்கிறார். அண்மையில் ஒரு பயிலரங்கில் பாடம் எடுத்தவர் இதைப் பலகையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பையன், சொந்தமாக மைக் செய்து பார்க்கும் ஆசையில் வந்தவன், அதை அப்படியே குறிப்பேட்டில் இறக்கிக்கொண்டான். இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அந்த 48 எங்கிருந்து வந்தது? 1966-இல் நியூமன் நிறுவனம் நார்வே வானொலிக்காக கே.எம். 84 என்ற டிரான்சிஸ்டர் மைக்கைக் கொண்டுவந்தது. குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமாகச் சுருங்கிவிடும் நாடு அது. ஆஸ்லோவில் இருந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்ததையே மைக்குக்கும் கொடுத்தார்கள். பிறகு அது தரநிலையாகி உலகம் முழுக்கப் பரவியது. விளக்குக்காகப் போட்ட மின்சாரத்தின் எண்ணை ஒலியின் இயற்கை விதி போல மாணவர்களுக்குச் சொல்லித்தருவது பெரிய அநியாயம். இத்தனைக்கும் ஐ.இ.சி. 61938 என்ற அதே தரநிலையில் 12 வோல்ட்டுக்கும் 24 வோல்ட்டுக்கும் இடம் உண்டு. அந்தப் பயிலரங்கில் இவற்றின் பெயரே அடிபடவில்லை.

"கேப்ஸ்யூலுக்கே 48 வேண்டும்" என்பது 48 வோல்ட்காரர்களின் அடுத்த வாதம். கே.எம். 84-இல் ஒலியை வாங்கும் கேப்ஸ்யூலுக்கான மின்னழுத்தம் நேரே அந்த 48-இலிருந்துதான் போனது. நம்பிக்கை அங்கே வேர்விட்டிருக்கலாம். ஆனால் கேப்ஸ்யூல் என்பது ஒரு கெபாசிட்டர். கிகா ஓம் அளவுள்ள ஒரு ரெசிஸ்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அது, மின்னோட்டம் என்று சொல்லத்தக்க எதையும் இழுப்பதில்லை. அழுத்தம் மட்டும் போதும், ஓட்டம் வேண்டாம் என்றால் ஒரு சிறு ஆசிலேட்டரும் சில டையோடுகளும் 9 வோல்ட்டிலிருந்து 60 வோல்ட்டை எழுப்பித் தந்துவிடும். எலெக்ட்ரெட் வகைக்கு அதுவும் வேண்டாம். 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்திலேயே மின்னேற்றத்தை நிலையாகத் தங்கவைத்துக் காட்டினார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக் 1.5 வோல்ட் பட்டன் பேட்டரியில் ஓடுகிறதே, அதுவும் கண்டென்சர் மைக்தான்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. 48 வோல்ட்டை வேதமாகச் சொல்கிறவர்கள் மைக்கின் முனையில் மீட்டரை வைத்துப் பார்ப்பதே இல்லை.

ஃபாண்டம் பவர் எனப்படும் இந்த மின்சாரம் மிக்சரிலிருந்து நேராகக் கிளம்பி வருவதில்லை. இரண்டு சிக்னல் கம்பிகளிலும் தலா 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 3.4 கிலோ ஓம். மைக் 4 மில்லி ஆம்பியர் இழுத்தால் 13.6 வோல்ட் வழியிலேயே போய்விடும்; மைக்குக்கு மிஞ்சுவது 34.4. தரநிலை அனுமதிக்கும் 10 மில்லி ஆம்பியரை முழுக்க இழுத்தால் 34 வோல்ட் போய் 14-தான் மிஞ்சும். இப்போது 24 வோல்ட் முறையைப் பாருங்கள். அதில் ரெசிஸ்டர் தலா 1.2 கிலோ ஓம், இணையாக 600 ஓம். அதே 10 மில்லி ஆம்பியருக்கு இழப்பு 6 வோல்ட், மிச்சம் 18. அதாவது அதே மின்னோட்டத்தை இழுக்கும் மைக்குக்கு 48 தருவதைவிட 24 அதிகம் தருகிறது! ஓம் விதி தெரிந்த பள்ளி மாணவன் போடக்கூடிய கணக்கு இது. போதாததற்கு, 48-இல் 4 வோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தரநிலையே சொல்லிவிடுகிறது. மிக்சருக்குள் இருக்கும் எண்ணை மைக்குக்குக் கிடைக்கும் எண்ணாக எடுத்துக்கொண்டு வடிவமைப்பவன் முதல் படியிலேயே வழுக்குகிறான்.

அந்த வழுக்கலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேப்ஸ்யூலின் சிக்னலை வாங்கும் ஜேஃபெட் டிரான்சிஸ்டரின் இயங்குநிலையை 48-ஐ மனத்தில் வைத்து வெறும் ரெசிஸ்டர்களால் பங்கிட்டிருப்பார்கள். அழுத்தம் இறங்கியதும் இயங்குநிலை ஓர் ஓரத்துக்கு நகர்ந்து, அலையின் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்படும். அல்லது அழுத்தத்தை நிலையாக வைக்க 33 வோல்ட் ஜீனர் டையோடைப் போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டில் அந்த ஜீனர் கண் திறக்கவே திறக்காது. கேப்ஸ்யூலுக்குப் போகும் அழுத்தமும் சேர்ந்து இறங்கும். அது பாதியானால் ஒலி 6 டெசிபல் குறையும். உடனே "பார்த்தீர்களா, 48 இல்லாததால்தான்" என்று அதையே சான்றாகக் காட்டுவார்கள். பிழை சர்க்யூட்டில் இருக்கிறது, பழி வோல்ட்டின் மேல் விழுகிறது.

முறையாகச் செய்தவர்கள் இல்லாமலா போனார்கள்? ஷோப்ஸின் சி.எம்.சி. 5 தனக்கு வந்திருப்பது 12-ஆ 48-ஆ என்று தானே அறிந்து மாறிக்கொள்கிறது. 48 என்றால் 4 மில்லி ஆம்பியர், 12 என்றால் 8. ஷூரின் எஸ்.எம். 81-க்கு 11 முதல் 52 வோல்ட் வரை எதுவும் சம்மதம். இவற்றை மலிவான சமரசம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது.

"குறைந்த வோல்ட்டில் உரத்த ஒலி உடையும்" என்பார்கள். 94 டெசிபலுக்கு 10 மில்லிவோல்ட் தரும் மைக்கை எடுத்துக்கொள்வோம். 124 டெசிபலில் அது தருவது 316 மில்லிவோல்ட்; அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 0.9 வோல்ட். இன்னும் 10 டெசிபல் ஏற்றினாலும் 2.8 வோல்ட்டில் அடங்கிவிடும். 12 வோல்ட் முறையில் 8 மில்லி ஆம்பியர் இழுத்த பிறகும் 9.3 வோல்ட் மிச்சம் இருக்கிறது. டிரம்முக்குள் மைக்கை நுழைப்பவர் 48 கேட்கட்டும். பாட்டுக்கும் பேச்சுக்கும் எதற்கு? இரைச்சல் கூடும் என்பதற்கு ஒரு வரி போதும்: கேப்ஸ்யூலின் அழுத்தத்தை நிலையாகப் பிடித்துவைத்தால் இரைச்சல் கூடாது.

பயிலரங்கு முடிந்ததும் அந்தப் பையன் குறிப்பேட்டோடு என்னிடம் வந்தான். அவன் வரைந்திருந்த சர்க்யூட்டிலும் அதே 33 வோல்ட் ஜீனர்.

"அண்ணா, அப்போ எத்தனை வோல்ட்டுக்குத்தான் டிசைன் பண்றது?"

"ஒன்பதுக்குப் பண்ணு தம்பி. அந்த ஜீனரை எடுத்துட்டு எட்டுக்குள்ள ரெகுலேட் பண்ணு. ஆசிலேட்டருக்கு அதிலிருந்து கொடு, ஜேஃபெட்டுக்கு ஒரு கரண்ட் சோர்ஸ் போடு. மேல வர்ற வோல்ட்டெல்லாம் வழியிலேயே இறங்கிடும்."

அவன் அழித்து எழுதினான். உள்வரும் பக்கத்துக் கெபாசிட்டருக்கு நேரே 16 வோல்ட் என்று போட்டிருந்தான். அதை மட்டும் 63 ஆக்கச் சொன்னேன்.